மஞ்சள் கோட்டுக்கு வெளியே

ஷார்ஜா தாண்டி சஜாவில்
எங்கள் கொட்டகைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
பழைய ஏசி கம்ப்ரசர்கள் வரும்,
செத்த ஹார்டு டிஸ்குகள் மூட்டை மூட்டையாய்,
மோதி நசுங்கிய மின்கார்களின் மோட்டார்கள்.
ஒருமுறை ஒரு ஸ்கேன் எந்திரமே வந்தது,
நோயாளி படுக்கும் பலகையோடு.

உடைத்து, உள்ளிருக்கும் காந்தத்தை மட்டும் எடுப்போம்.
மற்றதெல்லாம் இரும்பு விலைக்குப் போகும்.

அருமண் என்கிறார்கள் அதை.
அரிதும் இல்லை, மண்ணும் இல்லை என்பார் இத்ரீஸ்,
கார்ட்டூமில் வேதியியல் படித்த மேலாளர்.
எங்கும் கிடக்கிறதாம்.
பிரித்தெடுக்கத்தான் ஆள் வேண்டுமாம்.

குல்ஜமானின் விரல்களில் மூன்று ரத்தக்கட்டு.
இரண்டு காந்தம் ஒன்றையொன்று தேடிப் பாய்ந்தபோது
நடுவில் அவன் இருந்தான்.
என் கைக்கடிகாரத்தில் மார்ச் மாதத்திலிருந்து
ஒன்பது நாற்பது.

கடைசியில் ஓர் அடுப்பு.
முந்நூற்றைம்பது டிகிரியில்
காந்தம் தான் யாரென்பதை மறக்கும்.
மறந்த பிறகுதான் கப்பலேற்றுவோம்.

அதுவரை ஆபத்து.
அதனால் தரையில் மஞ்சள் கோடு,
சுவரில் மூன்று மொழிகளில் எச்சரிக்கை,
குறுக்கே அடித்த ஓர் இதயம்.
இதயக் கருவி வைத்தவர்கள் தாண்டக் கூடாது.
தமிழில் எழுதவில்லை. படம் போதும்தானே.

எடை போடுகிறவர் பனியடிமை. வயது ஐம்பத்திரண்டு.
கேம்ப் குளியலறையில் ஒருநாள் பார்த்தேன்,
இடது தோளெலும்புக்குக் கீழே தழும்பு.
'சின்னதுல தூண்டி கிழிச்சது' என்றார்.
தூண்டில் கிழித்த இடம்
தீப்பெட்டி கணக்காய்ப் புடைத்திருக்காது.
நான் சோப்பைக் கேட்டேன், கொடுத்தார்.

மறுநாள் எடைமேடையை
கோட்டுக்கு வெளியே எட்டடி தள்ளிப் போட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
தரை சமமில்லை.

போன வாரம் காற்றாலைக் கம்பெனியிலிருந்து
பிர்கிட்டே என்றொரு பெண் வந்தாள்.
எங்கோ ஓர் அலுவலகத்தில்
ஓர் ஏற்றுமதிக் கையெழுத்து தாமதமாம்.
கடலில் நட்ட கோபுரங்கள்
தலையில்லாமல் நிற்கின்றனவாம்.
'மாதம் இரண்டு டன். தடையில்லாத வரத்து. முடியுமா?'
இத்ரீஸ் என்னைப் பார்த்தார்.
நான் பேரேட்டைப் பார்த்தேன்.

அவள் நடந்தாள், எண்ணிக்கொண்டே.
'எடைமேடை ஏன் அங்கே?
ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு நொடி வீண்.'
தரை சமமில்லை, மேடம்.
கைபேசியைத் தரையில் வைத்தாள்.
திரையில் ஒரு குமிழ்
நடுவில் வந்து நின்றது, அசையாமல்.

உள்ளே தள்ளச் சொன்னார் இத்ரீஸ்.
பனியடிமையே முதலில் குனிந்தார்,
வழக்கமாய் எதற்கும் முதலில் குனிகிறவர்தான்.
மேடையின் கால் சிமெண்டில் கிறீச்சிட்டது,
ஓரடி, இரண்டடி.

அப்போது குல்ஜமான்,
இரண்டு கையாலும் ஒரு காந்தத்தைப் பிடித்து
கோட்டின் உள்விளிம்பில் முட்டிபோட்டு
மேடைப் பக்கம் நீட்டினான்.
வெறும் தட்டு. ஒன்றும் இல்லை அதில்.
எண்கள் எகிறின: நானூறு கிராம், அறுநூறு.
'கிட்டே வந்தால் இது பொய் சொல்லும்,' என்றான்
அவனுடைய உர்துவில்.
இத்ரீஸ் மொழிபெயர்த்தார்.
பிர்கிட்டே சிரித்து, குறித்துக்கொண்டாள்.

அவனுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று
நான் கேட்கவில்லை.
என்னிடம் அவனும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று வருடம்.
அன்றிரவு கட்டிலின் மேல்தட்டிலிருந்து கேட்டேன்,
'அண்ணே, அதுக்கு பேட்டரி எத்தன வருஷம் வரும்?'
விசிறி இரண்டு சுற்று சுற்றியிருக்கும்.
'டாக்டர் எட்டுன்னாரு.
வச்சு ஆறாச்சு.'

காலையில் முதல் லாரி
பின்பக்கமாய் வந்துகொண்டிருந்தது, பீப் அடித்தபடி.
பனியடிமை கையுறை மாட்டிக்கொண்டு
எட்டடி தள்ளி நின்றார்.
நான் மஞ்சள் பெயிண்டுக்கு
கோரிக்கைச் சீட்டு எழுதினேன்:
கோடு மங்குகிறது, இரண்டு லிட்டர், அவசரம்.